சிவப்பு வருகுது, நீலம் போகுது

என் கணவரின் மூக்குக்கண்ணாடியில் எங்கள் பிள்ளை சிவப்பும் நீலமுமாக மினுங்கிக்கொண்டிருந்தது.

நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். ஸ்கான் மெஷினின் திரை டொக்டரின் பக்கம் திரும்பியிருந்ததால் எனக்கு அதன் முதுகும் வயர்களும்தான் தெரிந்தன. என் தலைமாட்டில் நின்றவருக்குத் திரை நன்றாகத் தெரிந்தது. ஆகவே நான் அவருடைய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வயிற்றில் பூசிய ஜெல் குளிர்ந்தது. அறையில் எலுமிச்சை வாசனை. இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்யும் வீட்டில் தரை துடைக்கப் பாவிக்கும் அதே திரவம். கதவு மூலை சரியாகத் துடைபடவில்லை என்பதையும் கவனித்தேன். பயந்துபோய்க் கிடந்தாலும் கண் தன் வேலையைப் பார்க்கத்தான் செய்கிறது.

மெஷினிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஷூக், ஷூக், ஷூக் என்று, யாரோ ஈரத் தரையில் அவசரமாகத் தும்புத்தடி போடுவது மாதிரி.

டொக்டர் இளம் பெண். வடக்கே தொஸ்கானாப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். பலெர்மோ டொக்டர்மார் நம்மைப் பார்த்து, கையை ஆட்டி, குடும்பத்தையும் விசாரித்துத்தான் விஷயத்துக்கு வருவார்கள். இவர் திரையோடு மட்டும் கதைத்தார். அதுவும் முணுமுணுப்பாக.

"தோர்னா," என்றார். கையிலிருந்த கருவியைக் கொஞ்சம் நகர்த்தினார். "தோர்னா. தோர்னா துத்தோ."

இத்தாலியனில் தோர்னா என்றால் திரும்பி வா. திரும்புகிறது என்றாலும் அதுதான். துத்தோ என்றால் எல்லாம். எனக்கு என்னவோ எங்களைத் திரும்பி வரச் சொல்கிறார் என்றுதான் பட்டது. அடுத்த வியாழக்கிழமை மறுபடி வரச்சொல்லித் துண்டும் தந்தார்.

ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் என் தோளில் இருந்த கணவரின் கை விறைத்துப்போனது. நான் அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடியில் நிறங்கள் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் இருந்த கண்கள் நிலத்தைப் பார்த்தன.

எதற்காக அங்கே போனோம்

மன்னார்ப் பெட்டையான நான் யாழ்ப்பாணத்துத் தவராசாவைத் தேவாலயத்தில் ஒருமுறையும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒருமுறையுமாகக் கலியாணம் முடித்த கதையை இந்தத் தொடரில் எழுதிவிட்டேன். எல்லாருக்கும் அவர் தவம். எனக்கு மட்டும் 'இஞ்சருங்கோ'. நான் அவருக்கு றெஜி.

எங்களுக்கு முதல் வந்த பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி வேறு எழுத எனக்கு மனமில்லை. இரண்டாவது வந்தபோது இருவரும் சத்தமாகச் சிரிக்கவே பயந்தோம். நாட்கள் நல்லபடி போய், வயிறு வெளியே தெரிய ஆரம்பித்த பிறகு, பிள்ளை மாதத்துக்குத் தக்க வளரவில்லை என்றார்கள். தொப்புள்கொடியில் இரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கு ஒரு ஸ்கான். அதன் பெயர் எக்கோ டொப்ளர்.

அந்தப் பெயரைக் கேட்டதும் தவத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது எனக்கு இன்றும் ஞாபகம். ஊரில் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தவர் அவர். பௌதிகவியல் என்றால் உயிர். மொண்டெல்லோவில் கடற்கரை றெஸ்ரோறன்ற் ஒன்றில் தட்டுக் கழுவிக்கொண்டே, தண்ணீர் தொட்டியில் ஏன் சுழன்று இறங்குகிறது என்று யோசிப்பார்.

"டொப்ளரோ? அது எனக்குத் தெரிஞ்ச ஆள் தான்," என்றார்.

லாபாக்காரனின் சுருதி

எனக்கும் தெரிந்த ஆள்தான். அந்த அறிமுகம் நடந்தது பலெர்மோவின் கால்சாப் பகுதியில், எங்கள் வீட்டுப் பல்கனியில், கலியாணமான புதிதில்.

பலெர்மோவில் மூன்று சில்லு வண்டியை லாபா என்பார்கள். நம் ஊர் ஓட்டோ ஆள் ஏற்றும்; இது தக்காளியும் மீனும் ஏற்றும். எங்கள் தெருவால் பின்னேரங்களில் வருவது ஸ்பின்சோனே விற்கும் லாபா. தடித்த பாண், மேலே தக்காளியும் வெங்காயமும். அதன் வாசனை மூன்றாம் மாடிக்கும் ஏறி வரும். விற்பவர் கத்துவதில்லை. யாரோ எப்போதோ பதிந்துவைத்த ஒரு குரலை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத் தான் சும்மா இருப்பார். சூடாக இருக்கிறது, இப்போதுதான் எடுத்தது என்று அந்தக் குரல் ராகம் போட்டு இழுக்கும்.

எல்லாம் விற்றுத் தீர்ந்தால் மனிதர் வீட்டுக்குப் பறப்பார். பறக்கிற அவசரத்தில் குரலை நிறுத்த மறந்துவிடுவார். வெறும் தட்டோடு, சூடாக இருக்கிறது என்று கூவிக்கொண்டே லாபா எங்கள் வீட்டைக் கடக்கும்.

நான் கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறவள். சுருதி பிசகினால் எனக்குப் பல்லுக் கூசும். ஒருநாள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது கேட்டேன்.

"இஞ்சருங்கோ, அந்தாள் ஏன் எங்கடை வாசலைத் தாண்டினோடனை சுருதியை இறக்குறார்?"

"அந்தாள் ஒண்டும் இறக்கேல்லை. அது றெக்கோர்டிங். டொப்ளர் விளைவு."

"ஆர் அந்தாள்?"

அவ்வளவுதான். மனிதருக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. என் கையிலிருந்த உடுப்புக் கிளிப் கூடையை வாங்கினார். என்னைப் பல்கனியின் ஒரு தொங்கலில் கதிரையில் இருத்தினார். தான் மற்றத் தொங்கலில் நின்று, ஒரே தாளத்தில் ஒவ்வொரு கிளிப்பாக என் மடியில் எறிந்தார்.

"இப்ப நான் நிக்கிறன். கிளிப் ஒரு ஒழுங்கிலை வருதே?"

"வருது."

"இப்ப நான் எறிஞ்சு எறிஞ்சு உம்மட்டை வாறன். தாளம் மாத்தேல்லை. பாரும்."

மெய்தான். அவர் கை அதே தாளத்தில் எறிந்தது. ஆனால் ஒவ்வொரு கிளிப்பும் முந்தியதைவிடக் கிட்டத்திலிருந்து புறப்பட்டதால் என் மடியில் அடுக்கடுக்காக வந்து விழுந்தன. அவர் பின்னால் நடந்தபோது விட்டு விட்டு விழுந்தன. ஒன்று மூக்கிலும் பட்டது.

"ஒலியும் இப்பிடித்தான். அலை அடுக்கடுக்காய் வந்தால் மீடிறன் கூட, செக்கனுக்கு விழுற அலை கூட. காதுக்கு சுருதி ஏறினமாதிரி. விலகிப் போகேக்கை அலை ஐதாகும், சுருதி இறங்கும். லாபாவுக்கு உள்ளை இருக்கிறவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. கேக்கிறவர் எங்கை நிக்கிறார் எண்டதுதான் முக்கியம், றெஜி. அதை மறந்தால் எல்லாம் பிழைக்கும்."

இந்தக் கடைசி வசனத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருங்கள். சொன்னவர் மறந்துவிட்டார்.

"கிட்ட வரவர சுருதி ஏறிக்கொண்டே போகும்," என்று சேர்த்தார்.

"இல்லை," என்றேன். "வரேக்கையே அது மேலைதான் நிக்குது. கிட்ட வரவரக் கூடுறது சத்தம். சுருதி எங்கடை வாசலிலைதான் விழுது."

மறுநாள் லாபா வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சந்தோசமாகத் தலையாட்டினார். தன் பிழை கண்டுபிடிக்கப்படும்போது சந்தோசப்படுகிற ஆம்பிளை கிடைப்பது கஷ்டம். எனக்குக் கிடைத்தது.

வெளிச்சத்துக்கும் இந்த விதிதான் என்று அன்றைக்கே சொன்னார். எங்களை நோக்கி வரும் நட்சத்திரத்தின் ஒளி நீலப் பக்கம் நகரும். விலகிப் போகிறதன் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். அலை நீண்டால் சிவப்பு.

"அப்ப லாபாவின்ரை பின்லைற் சிவப்பாய் இருக்கிறது அதாலையோ?"

"பகிடி விடாதையும். வெளிச்சத்தின்ரை வேகத்துக்கு லாபா எம்மாத்திரம்? அந்த ஓட்டத்துக்கு நிறம் மாறினாலும் உம்மடை கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திரங்கள் ஓடுற வேகத்துக்கே கருவி வைச்சுத்தான் பாக்கிறாங்கள்."

அன்றிலிருந்து ஏதாவது வண்டி எங்களைத் தாண்டிப் போய்ச் சிவப்பு லைற் தெரிந்தால் நான் "விலகுது" என்பேன். அவர் என்னைக் கிள்ளுவார். அது எங்கள் இருவருக்குமான பகிடி. அந்தப் பகிடிதான் ஆஸ்பத்திரியில் அவரை மாட்டிவிட்டது.

இரட்டைச் சட்டை

ஸ்கான் முடிந்த மறுநாள் இமெல்டா அக்கா கேட்டா. எங்கள் பாடகர் குழுவின் முதல் குரல் அவ. மன்னார்தான். நான் வேலை செய்யும் கட்டடத்திலேயே மேல்மாடியில் வயதான அம்மா ஒருவரை, சிஞ்ஞோராவை, பராமரிக்கிறவ. லிப்ற்றுக்குள் சந்தித்தோம்.

"ஸ்கானிலை என்னடி சொன்னவங்கள்?"

"எக்கோ டொப்ளர் செய்தவங்கள் அக்கா. வியாழன் திரும்ப வரட்டாம்."

லிப்ற் கதவு திறந்தது. அவ இறங்கிப் போய்விட்டா. நானும் மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குழுவில் உள்ள எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். இமெல்டா அக்கா ஒரு பொட்டலத்தைத் தவத்தின் கையில் கொடுத்தா. உள்ளே மஞ்சள் நிறத்தில் குழந்தைச் சட்டை. ஒன்றல்ல, அச்சொட்டாக ஒரே மாதிரி இரண்டு.

"ரெண்டும் சுகமாய்ப் பிறக்கட்டும் தம்பி."

அவவின் காதில் டொப்ளர் விழவில்லை. டொப்பியோ விழுந்திருக்கிறது. இங்கே பார் என்றால் கோப்பிக்கடை; காலையில் அங்கே போனால் பத்துப் பேரில் ஒருவராவது டொப்பியோ கேட்பார்கள், இரட்டைக் கோப்பி. எக்கோ டொப்பியோ என்றால் ஸ்கானில் இரட்டைப் பிள்ளை. அவ கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

நான் சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவரும் சிரிப்பார் என்று திரும்பினேன். அவர் அந்தச் சட்டைகளை இரண்டு கையாலும் ஏந்தியபடி தேவாலயப் படியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஓடிப் போய்ப் பிடித்தேன். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஒண்டுக்கே வழியில்லை, றெஜி," என்றார்.

அவர் பார்த்ததும் கேட்டதும்

கால்சாவின் கடற்கரையோரப் புல்வெளியில் ஒரு வாங்கில் அவரை இருத்தினேன். பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். உப்புக் காற்று. வியாழக்கிழமையிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சொல்லுங்கோ. என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாத முகத்தை எனக்குத் தெரியும். இது அதில்லை."

சட்டைகளை மடியில் வைத்தார். பிறகு சொன்னார்.

"திரையிலை கொடியைப் பாத்தனான். பிள்ளைக்குச் சத்துக் கொண்டு போற பெரிய குழாய் ஒண்டு. அது நீலமாய் இருக்கோணும். சிவப்பாய்க் கிடந்தது."

"சிவப்பெண்டால்?"

"சிவப்பெண்டால் விலகுது. உமக்குத் தெரியும்தானே. இரத்தம் பிள்ளையிட்டைப் போகேல்லை. பிள்ளையை விட்டு விலகுது." சட்டைகளை மடித்து மடித்து விரித்தார். "அது என்ரை கண் பிழையாய் இருக்கலாம் எண்டு பாத்தன். ஆனா அவவும் வாயாலை சொன்னவ. தோர்னா துத்தோ. எல்லாம் திரும்புது எண்டு. போனிலை தேடிப் பாத்தனான். கொடியிலை இரத்தம் திரும்பி ஓடினால்..."

சட்டைகளைத் திரும்பப் பொட்டலத்துக்குள் வைத்தார்.

அந்த வாங்கில் நான் பயந்தேன். முதல் பிள்ளை போனபோது வந்த அதே பயம். பயத்தோடு கோபமும் வந்தது.

"இதை ஏன் என்னட்டைச் சொல்லேல்லை? வயிறு என்ரைதானே?"

"உம்மைப் பயப்பிடுத்தக் கூடாதெண்டு."

"தனியப் பயப்பிட்டு என்னத்தைக் கண்டனீங்கள்? தோர்னா எண்டதை நானும்தான் கேட்டனான். திரும்பி வாங்கோ எண்டு சொல்லுறா எண்டுதான் நினைச்சன்."

"உம்மைத் திரும்பி வரச் சொல்லுறதெண்டால் தோர்னி எண்டெல்லோ மரியாதையாய்ச் சொல்லுவா? தோர்னா எண்டு சின்னப் பிள்ளைக்குச் சொல்லுறமாதிரிச் சொல்லுவாவோ?"

அதில் நியாயம் இருந்தது. இலக்கணம் அவர் பக்கம், பௌதிகம் அவர் பக்கம், போனும் அவர் பக்கம். என் பக்கம் என்ன இருந்தது? அந்தச் சத்தம் மட்டும்தான்.

ஷூக், ஷூக், ஷூக். அது என் காதில் இருந்தது. நல்ல தாளம். எங்கேயும் தயங்கவில்லை, தடுமாறவில்லை. அதை வைத்து இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு குழு பாடும்போது யாராவது ஒருவர் திணறினால் எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தில் யாரும் திணறவில்லை. அதே நேரம் உள்ளே ஒரு உதை விழுந்தது. நல்ல உதை.

"கையைத் தாங்கோ," என்று அவர் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். "வியாழக்கிழமை நான் கேப்பன். என்ரை வாயாலை, அவவின்ரை முகத்தைப் பாத்து. அதுவரைக்கும் நீங்கள் போனைத் தொடக்கூடாது."

ஒரு ஏற்றம்

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அந்த டொக்டர் வியாழன்தான் வருவாராம். பிள்ளை அசையாவிட்டால், வலி வந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள். பிள்ளை அசைகிறதா? என் விலாவைக் கேட்டால் தெரியும், அப்படி அசைந்தது. பொறுத்திருப்பது என்று முடிவெடுத்தேன்.

அவருக்குப் பொறுக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பெல்லெக்ரினோ மலையில் குகைக்குள் இருக்கிற புனிதையின் கெபிக்கு நடந்து ஏறினார், வெறுங்காலோடு. நம் ஆட்கள் வேதக்காரரும் சைவக்காரரும் என்று பார்க்காமல் ஏறுகிற மலைதான். ஆனால் இவர் ஏறியதில்லை. தனக்குப் பிள்ளையார் போதும் என்று சொல்கிறவர்.

கொப்புளம் போட்ட காலோடு வந்தார். உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு இருந்தார்.

"என்ன கேட்டனீங்கள்?" என்றேன்.

"ஒண்டும் கேக்கேல்லை. மேலையிருந்து பாத்தால் மொண்டெல்லோ முழுக்கத் தெரியுது. எங்கடை றெஸ்ரோறன்ற் கூரையும் தெரியுது." பிறகு, "விளங்கேல்லை எண்டு சொன்னன்," என்றார்.

பௌதிகவியல் படித்த மனிதர் ஒரு கெபியில் போய்த் தனக்கு விளங்கவில்லை என்று சொல்வது சின்ன விஷயமில்லை. நான் அவர் காலைத் துடைத்துவிட்டேன்.

சாய்த்துப் பிடித்தபோது

வியாழக்கிழமை அதே அறை. அதே எலுமிச்சை வாசனை. மூலை இம்முறை சுத்தமாக இருந்தது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

டொக்டர் ஜெல் பூசிக் கருவியை வைத்தார். தவத்தின் கண்ணாடியில் நிறங்கள் வந்தன. அவர் முணுமுணுக்கத் தொடங்குவதற்கு முதல் நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். மெதுவாகத்தான்.

"தொத்தோரெஸ்ஸா," என்றேன், என் சிசிலியன் கலந்த இத்தாலியனில். "முதலில் ஒன்று சொல்லுங்கள். சிவப்பு வருகிறதா, போகிறதா?"

அவர் திரையை விட்டு முதன்முறையாக என்னைப் பார்த்தார். "இதை யார் உங்களிடம் கேட்கச் சொன்னது?"

நான் தலைமாட்டைக் காட்டினேன். அங்கே நின்றவரின் முகம் தேவாலயத்துச் சுவர் மாதிரி வெளிறியிருந்தது. டொக்டர் அவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு கையால் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

அப்போதுதான் என் பிள்ளையின் தொப்புள்கொடியைக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். பின்னிய தலைமுடி போலச் சிவப்பும் நீலமும் முறுக்கிக் கிடந்தன.

"இந்த மெஷினுக்குக் கண் இல்லை," என்றார் டொக்டர். "காதுதான் இருக்கிறது. நம் காதுக்கு எட்டாத ஒரு ஒலியை இது உள்ளே அனுப்புகிறது. ஓடுகிற இரத்தத்தில் பட்டு அது திரும்பி வருகிறது. இரத்தம் என் கையை நோக்கி ஓடினால் கொஞ்சம் கூர்மையாக வரும். விலகி ஓடினால் கொஞ்சம் தாழ்ந்து வரும். அந்த வித்தியாசத்தைத்தான் ஷூக் ஷூக் என்று நீங்கள் கேட்கிறீர்கள். நிறம் நாங்கள் பூசுவது. என் கையை நோக்கி வந்தால் சிவப்பு. விலகினால் நீலம். சிவப்பு வருகிறது, நீலம் போகிறது. இங்கே எல்லா டொக்டரும் அப்படித்தான் வைத்திருக்கிறோம்."

"நட்சத்திரத்துக்கு நேர்மாறு," என்றார் தவம், தமிழில், தனக்குத்தானே.

நான் மொழிபெயர்த்தேன். டொக்டர் சிரித்தார். "நட்சத்திரத்தின் நிறம் நட்சத்திரத்துடையது. இது என் பெயின்ற். பாருங்கள்."

கருவியை வயிற்றில் அதே இடத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக மறுபக்கம் சாய்த்தார். சிவப்பாக இருந்த பெரிய குழாய் மங்கி, ஒரு கணம் கறுத்து, பிறகு நீலமானது. இரத்தம் அதே இரத்தம். ஓட்டம் அதே ஓட்டம். சாய்ந்தது டொக்டரின் கை மட்டும். திருப்பிச் சாய்த்தார். மறுபடி சிவப்பு.

"கேக்கிறவர் எங்கை நிக்கிறார் எண்டதுதான் முக்கியம்," என்றேன் தமிழில், திரும்பிப் பார்க்காமல்.

பின்னால் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. ஆனால் மனிதர் இன்னும் விடவில்லை. தானே இத்தாலியனில் கேட்டார், ஒவ்வொரு சொல்லாக. "ஆனால் நீங்கள் சொன்னீர்கள். தோர்னா. தோர்னா துத்தோ. எல்லாம் திரும்புகிறது."

டொக்டருக்கு முதலில் விளங்கவில்லை. நான் கையால் காட்டினேன்: இரத்தம், இப்படிப் போகவேண்டியது, இப்படித் திரும்புகிறது. அவர் கை தானாக வாயைப் பொத்தியது.

"இல்லை, இல்லை. எங்கள் பக்கத்தில், கணக்கு சரியாக வந்தால் தோர்னா என்போம். அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக வருகிறது, எல்லாம் சரியாக வருகிறது என்றுதான் சொன்னேன்." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு கிழமையாக இதையா நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? நான் உங்களைப் பார்த்துச் சொல்லியிருக்கவேண்டும்."

இதே பலெர்மோவில் பிறந்தவர் என்றால் துத்தோ அ போஸ்தோ என்று கட்டைவிரலைக் காட்டியிருப்பார். எங்களுக்கும் அது நாக்கில் ஊறிய சொல். எல்லாம் ஒழுங்கு. தொஸ்கானாக் கணக்கு எங்கள் வயிற்றில் நெருப்பைக் கொட்டிவிட்டது.

டொக்டர் சத்தத்தைக் கூட்டினார். ஷூக், ஷூக், ஷூக். திரையின் கீழ்ப்பாதியில் அந்தச் சத்தம் மலை மலையாக எழுந்தது. அடியில் ஒரு நேர்கோடு. திரும்பி ஓடினால் இந்தக் கோட்டுக்குக் கீழே விழும் என்றார். மலைகளுக்கு நடுவிலுள்ள ஒரு பள்ளமும் கோட்டைத் தொடவேயில்லை. பிள்ளை சின்னதுதான், ஆனால் தன் கோட்டில் ஒழுங்காக வளர்கிறது, அடிக்கடி பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான் என்றார்.

தவம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்று அழுதார், ஒளிக்காமல்.

"அப்ப வருகுது," என்றார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

அவர் சொன்னது இரத்தத்தையா, வேறெதையுமா, எனக்குத் தெரியாது. சொன்னபடியே மொழிபெயர்த்தேன். "வருகிறது என்கிறார்."

"வராமல் வேறு எங்கே போகப்போகிறாள் இந்தச் சிஞ்ஞொரீனா?" என்றார் டொக்டர்.

பெண்பிள்ளை என்று எங்களுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டும் பயன்பட்டன

சின்னதாகத்தான் பிறந்தாள். குரல் மட்டும் அளவுக்கு மீறி இருந்தது. இமெல்டா அக்கா கேட்டுவிட்டு, இது முதல் குரல்தான், உன்ரை பக்கம் வராது என்று அப்போதே உரிமை கொண்டாடினா. மஞ்சள் சட்டை இரண்டும் வீணாகவில்லை. ஒன்றை நனைத்தால் மற்றது.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் தமிழில் பாதி பலெர்மோ. நேற்றுக் காலையும் வழக்கம்போலப் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"பப்பா, போறன்."

தேத்தண்ணியோடு நின்றவர் கதவுக்கு ஓடினார். நட்சத்திரம், மெஷின், கணக்கு எல்லாவற்றிலும் பிழையை ஒத்துக்கொள்கிற மனிதர் இந்த ஒரு சொல்லில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். எங்கள் வீட்டை விட்டு இறங்கும்போது யாரும் போறன் என்று சொல்லக்கூடாது.

"போறன் எண்டு சொல்லாதைங்கோ. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

"பிந்திப் போச்சு பப்பா."

"சொல்லிப்போட்டுப் போங்கோ."

அவள் அதற்குள் படியில் பாதி தூரம் இறங்கிவிட்டாள். அவர் கைப்பிடியில் சாய்ந்து காதைக் கொடுத்தார்.

"சுருதி இறங்குதோ?" என்று கேட்டேன், சும்மா சீண்ட.

"அவள் ஓடுற ஓட்டத்துக்கு அது கேக்காது," என்றார். "கொஞ்சம் பேசாமல் இரும்."

கீழே, தெருக் கதவு திறக்கிற சத்தத்தோடு, எங்களை விட்டு விலகி விலகிப் போய்க்கொண்டிருந்த அந்தக் குரல் வந்தது.

"வாறன், பப்பா, வாறன்."